ஐஸ் பெட்டிக்குள் பன்னிரண்டு குஞ்சுகள்

வடசென்னையில் கடலை ஒட்டிய எர்ணாவூரில் நாங்கள் இருப்பது மாடி வீடு. சமையலறைக் கதவைத் திறந்தால் மொட்டைமாடி. பாதியாக அறுத்த நீல டிரம்களில் அங்கே கத்தரி, வெண்டை, தக்காளி வைத்திருக்கிறேன். கீழ்வீட்டு மீன்காரம்மா கொடுத்த பழைய மீன்வலையைப் பந்தலாகக் கட்டி, அதில் ஒரு சுரைக்கொடியை ஏற்றியிருந்தேன். புயல் எச்சரிக்கை வந்தபோது கொடியில் பிஞ்சு விட்டிருந்தது.

அதே வாரம்தான் பொரிப்பகத்திலிருந்து நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கி வந்திருந்தேன். பன்னிரண்டு. தாய்க்கோழி கிடையாது. இறகு முளைக்கும்வரை சூடு குறைந்தால் செத்துப்போகும். அவற்றின் பெட்டிக்கு மேல் இரவும் பகலும் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்களைக் கட்டுவது. மாடிக்கு வந்து பந்தலைப் பார்த்தார்.

"கொடிய அறுத்துடு மே. காத்து வந்தா பந்தலு வூட்டையே தூக்கினு பூடும்."

"இது வலைப்பா. காத்து இந்தாண்ட பூந்து அந்தாண்ட போயிடும். நீ டிரம்ம மட்டும் கட்டிக் குடு."

"உன்னாண்ட பேசி ஜெயிக்க கன்டெய்னர் டிரைவரால கூட முடியாது" என்றபடி கயிற்றை எடுத்தார். ஒவ்வொரு டிரம்மையும் கப்பலில் கட்டுவதுபோலவே குறுக்கும் மறுக்குமாக இழுத்து, மேல்தளம் எழுப்புவதற்காக விட்டுவைத்திருந்த தூண்கம்பிகளோடு பிணைத்தார். பிறகு டியூட்டிக்குப் போய்விட்டார். புயல் நேரத்தில் அங்கேதான் அவருக்கு வேலை அதிகம்.

தொட்டியை நிரப்பினேன். புது சிலிண்டர் மாட்டினேன். எமர்ஜென்சி விளக்கைச் சார்ஜில் போட்டேன். குஞ்சுப் பெட்டியைச் சமையலறைக்குள் கொண்டுவந்தேன். எதையும் விடவில்லை என்றுதான் நினைத்தேன்.

மதியம் காற்று எழும்பும் முன்பே கரண்டை நிறுத்திவிட்டார்கள். எமர்ஜென்சி விளக்கைப் பெட்டிக்கு மேல் தொங்கவிட்டேன். நல்ல வெளிச்சம். குஞ்சுகள் ஓடிவந்து அதன் அடியில் கூடின, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்தின. விளக்கைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. வெளிச்சத்தை யோசித்த நான் சூட்டை யோசிக்கவில்லை.

படிக்கட்டில் இறங்கினேன். படகுகள் கடலுக்குப் போகாததால் மீன்காரம்மாவின் தெர்மாகோல் ஐஸ் பெட்டி வாசலில் காலியாகக் கிடந்தது. வெளிச்சூடு உள்ளே போகாமல்தானே அது ஐஸைக் காக்கிறது. அப்படியானால் உள்சூடும் வெளியே போகாது.

"பொட்டியக் கொஞ்சம் குடும்மா. குஞ்சுங்கள வெக்கணும்."

"இன்னாக்கா, ஐஸ் பொட்டில கோயிகுஞ்சா? குளுருல வெறச்சிக்கும்."

"உள்ள சுடுதண்ணி வெப்பேன்."

"வெய்யி, வெய்யி. ஆனா மீனு நாத்தத்துக்குத் தெருவுல கீற பூனைங்க எல்லாம் உன் வூட்டாண்டதான் வரும், பாத்துக்கோ."

புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவியும் வாடை போகவில்லை. கொதிக்கும் நீரைத் தூக்குவாளியில் ஊற்றி இறுக மூடி, பழைய லுங்கியைச் சுற்றி நடுவில் வைத்தேன். சுற்றிலும் குஞ்சுகளை விட்டேன். காற்று போக, மூடிக்கு அடியில் ஒரு மர ஸ்கேலைச் செருகினேன்.

ஒரு குஞ்சு மட்டும் கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. அதைக் கையில் பொத்தி, வாளியை ஒட்டி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெளியே கடலும் காற்றும் ஒரே சத்தமாகிவிட்டன. எதிர்மாடியில் செடிகளுக்குப் போர்த்தியிருந்த தார்ப்பாய் காற்றை வாங்கி, தொட்டிகளையும் இழுத்துத் தள்ளிவிட்டுப் பறந்துபோய் மின்கம்பத்தில் மாட்டிக்கொண்டது. என் வலை துடித்தது, ஆனால் கிழியவில்லை. ஜன்னலுக்கு வெளியே உண்மையிலேயே ஒரு பூனை முழுக்க நனைந்தபடி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. கைக்குள் ஏதோ குத்தியது. அந்தக் குஞ்சு என் விரலைக் கொத்திப் பார்த்தது.

வாளி ஆற ஆற வெந்நீர் மாற்றினேன். நெருக்கியடித்துக் கிடந்த குஞ்சுகள் மெல்ல விலகி, ஆளுக்கொரு இடமாகப் பரவிப் படுத்தன. அப்படிப் படுத்தால் சூடு சரியாக இருக்கிறது என்று பொருள். சத்தமும் அடங்கியது.

விடிந்ததும் கணவர் ஈரச் சட்டையோடு வந்து நேராக மாடிக்குத்தான் போனார். தக்காளிச் செடிகள் ஒடிந்திருந்தன. ஒரு டிரம்கூட நகரவில்லை. சுரைப்பிஞ்சு பந்தலிலேயே தொங்கியது. அவர் கயிற்று முடிச்சைத் தட்டிப் பார்த்தார், பிறகு வலையைப் பார்த்தார்.

"அறுக்காம வுட்டது நல்லதாப் போச்சு" என்றார். அவரிடமிருந்து இது பெரிய பாராட்டு.

கடல் உப்பு இலைகளைக் கருக்கிவிடும் என்பதால் அவற்றை நல்ல தண்ணீரில் கழுவினேன். வெயில் ஏறிய பிறகு ஐஸ் பெட்டியை வெளியே தூக்கி வந்து சாய்த்தேன். பன்னிரண்டும் இறங்கி ஓடின. முதலில் ஓடியது விரலைக் கொத்திய அந்தக் குஞ்சு.

கரண்ட் வரும்வரை பெட்டி எங்களிடமே இருந்தது. கழுவித் திருப்பிக் கொடுத்தபோது மீன்காரம்மா அதற்குள் மூக்கை நுழைத்து மோந்து பார்த்தாள்.

"இன்னாக்கா இது, கோயி வாசன அடிக்குது. மீனு வாங்க வர்றவங்களாண்ட நான் இன்னா சொல்றது?"

"முட்ட போட ஆரம்பிச்சதும் மொதல்ல உனக்குத்தான்."

"அப்பொ சரி" என்று பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.