மாதுளைத் தோலுக்கு எத்தனை மில்லிமீட்டர்?

என் மருமகள் கிருமி வளர்க்கும் தட்டைத் திறந்து ஒரு மூச்சு இழுத்தால் போதும், உள்ளே வளர்ந்திருக்கும் கிருமியின் பெயர், ஊர், பரம்பரை வரை சொல்லிவிடுவாள். சரி, கொஞ்சம் ஊதிவிட்டேன். திராட்சை வாசம் அடிக்கும் கிருமி ஒன்று உண்டு; அதை மட்டும் கண்டுபிடிப்பாள். அதையும் முகரக் கூடாது என்று பரிசோதனைக்கூடச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில், புண்ணில் எடுத்த கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு மடியும் என்று பார்ப்பது அவள் வேலை. ஒரு கிருமி எதற்கும் அசையவில்லை. அதற்கு ஆன்டிபயாடிக்கோடு மாதுளைத் தோல் சாற்றையும் சேர்த்துப் பார்த்தாள். இரண்டு வருஷம் வீட்டில் முத்துக்களை நாங்கள் தின்றோம், தோலை அவள் தூக்கிப்போனாள்.

மருந்து தோய்த்த காகித வில்லையைக் கிருமி பரப்பிய தட்டில் வைத்தால், சுற்றிலும் கிருமி வளராத வளையம் விழும். மருந்து மட்டும் என்றால் பதினொரு மில்லிமீட்டர். சாறும் சேர்ந்தால் பத்தொன்பது. பெரிய டாக்டர் துள்ளிக் குதித்தார். மருத்துவர் கூட்டத்தில் அறிவிக்க நாளும் குறித்தாயிற்று.

கூட்டத்துக்கு முந்தின மத்தியானம்தான் இவளுக்குப் பொறி தட்டியது. சாறு இறக்கியது ஆல்கஹாலில். வில்லை அரைகுறையாகக் காய்ந்திருந்தால்? கிருமியைக் கொன்றது தோலா, ஆல்கஹாலா? மருந்தோடு வெறும் ஆல்கஹால் தொட்ட வில்லையை இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட வைத்துப் பார்க்கவில்லையே! எப்போதும் காயவைக்கும் அதே நேரம் காயவைத்து, அன்றே ஒன்றை வைத்தாள்.

மறுநாள் காலை பத்தே முக்கால். பதினோரு மணிக்குக் கூட்டம். கிருமியை வெதுவெதுப்பில் வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியிலிருந்து தட்டை எடுக்கும்போதே பெரிய டாக்டர் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா, கிளம்பலாமா? எல்லாரும் வந்தாச்சு."

"ஒரு நிமிஷம் சார்."

"உன் ஒரு நிமிஷம் எனக்குத் தெரியாதா? அரை மணி நேரம்!"

அவள் சிரிக்கவில்லை. அளவுகோலை வைத்தாள். வழுக்கியது. மறுபடி வைத்தாள். பதினாறு. கூடுதலாக வந்த எட்டில் ஐந்து ஆல்கஹாலின் வேலை. மாதுளைக்கு மிச்சம் மூன்றே மூன்று.

உடனே திரும்பி, "சார், தப்பு என்னோடது, பத்தொன்பதுன்னு சொல்லாதீங்க" என்று கணீரென்று சொன்னாள். இப்படி நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே தோளுக்குப் பின்னால் அவள் குரல்.

"அத்தை, நான் எங்க சொன்னேன்? தட்டை மூடி முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டேன். சார்தான் கையை நீட்டி, 'குடு'ன்னார். மூணாவது தடவை கேட்டப்போதான் குடுத்தேன். மூடியில எழுதியிருந்ததைப் படிச்சு, அவரே அளந்து பார்த்துக்கிட்டார். கூட்டத்துல அவர் மூணு மில்லிமீட்டர்னு சொன்னப்போ, நான் கடைசி வரிசையில தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். அதை எழுதுங்க."