புரட்டாசிச் சனிக்கிழமை வந்த பிரியாணி

அந்தச் சனிக்கிழமை உங்கள் இருவரையும் ஆவடியில் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தோம். சாயங்காலம் உங்களை அழைத்துப்போகத் தாமதமாக வந்தோம். கையில் ஒரு தூக்கு நிறைய மட்டன் பிரியாணி. “யாருக்கு அத்தா கல்யாணம்?” என்று சின்னவள் கேட்டாள். யாருக்கும் இல்லை என்று மட்டும் சொன்னேன். முழுக் கதையையும் சொல்ல அன்றைக்குத் தெம்பு இல்லை. இப்போது எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் அம்மாவிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

அம்மா ஒரே சமயத்தில் இரண்டு படிப்பு படித்தாள். ஒன்று நர்ஸிங்கில் பி.எச்டி. இன்னொன்று வீட்டிலிருந்தே படிக்கும் எம்.பி.ஏ. வீட்டிலிருந்தே என்று பெயர்தான். நீங்கள் இருவரும் இருக்கும் வீட்டில் யார் படிக்க முடியும்? ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து நேராகக் கரையான்சாவடியில் நம் கடைக்கு வருவாள். நான் கார் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருப்பேன். தைத்து முடித்த சீட் ஒன்றைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, ரெக்ஸின் வாசனையிலும் மெஷின் சத்தத்திலும் உட்கார்ந்து படிப்பாள். பக்கத்துக் கடை பஞ்சர் அண்ணாத்தேவுக்கு அதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

“ஆஸ்பத்திரில டாக்டருக்கு இன்னா பஞ்சமா அண்ணாத்தே? நர்ஸம்மாவும் டாக்டர் ஆவணுமா? கூடவே யாவாரப் படிப்பு வேற. ஊசி இன்னா கூறுகட்டி விக்கப் போறாங்களா?”

அவர் கிண்டலுக்குக் கேட்டார். ஆனால் அதே கேள்வியைப் படித்தவர்களும் கேட்டார்கள். பி.எச்டி.க்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை அம்மா, எம்.பி.ஏ. விஷயம் தெரிந்த நாளிலிருந்தே சிரித்த முகமாகப் பேசவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தால் எப்படிக் கரை ஏறுவாய், ஒன்றை விடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா தலையாட்டிவிட்டு வந்து இரண்டையும் படிப்பாள்.

அவள் ஆராய்ச்சி பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு ஷிஃப்ட் நர்ஸ் வீட்டுக்குப் போகும்போது அடுத்து வருகிற நர்ஸிடம் ஒவ்வொரு கட்டிலாக விவரம் சொல்ல வேண்டும். யாருக்கு என்ன மருந்து, யார் சாப்பிடவில்லை, யார் எழுந்தால் தலைசுற்றி விழுவார் என்று. ஆள் குறைவாக இருந்தால் அவசரத்தில் பாதி விட்டுப்போகும். விட்டுப்போனது நோயாளியின் தலையில் விடியும். அம்மா வருடக்கணக்காக வார்டுகளில் நின்று கவனித்து எழுதியது இதைத்தான்.

முதலில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு ஆவணி மாதத்தில் நடப்பதாக இருந்தது. எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேள்வி கேட்டு, பட்டம் தரலாமா என்று முடிவு சொல்வார்கள். வெளியூரிலிருந்து வர வேண்டிய தேர்வாளருக்கு உடம்பு சரியில்லை என்று தள்ளிப்போனது. தள்ளிப்போய் எங்கே விழுந்தது தெரியுமா? எம்.பி.ஏ.வின் கடைசிப் பரீட்சை நடக்கும் அதே சனிக்கிழமையில். காலையில் பூந்தமல்லியில் வைவா, மதியம் கள்ளிக்குப்பத்தில் ஒரு கல்லூரியில் பரீட்சை. எம்.பி.ஏ. முடிக்கக் கொடுத்திருந்த காலமும் அந்தத் தவணையோடு தீர்ந்தது. அன்றைக்கு எழுதாவிட்டால் அதுவரை எழுதியதெல்லாம் வீண்.

பரீட்சை இருப்பதைப் பேராசிரியை அம்மாவிடம் சொல்லி, வைவாவை மாற்றக் கேட்டுப் பார்த்தாள். ஏற்கெனவே தள்ளிப்போனதை இன்னொரு முறை தள்ள முடியாது என்றுவிட்டார்கள். சமாளித்துக்கொள்ளலாம் என்றாள்.

அன்றைக்கு என் பொறுப்பு சாப்பாடு. வைவா முடிந்ததும் படித்தவர் வீட்டார் எல்லோருக்கும் விருந்து போடுவது அங்கே வழக்கம். வழிகாட்டிக்குப் படித்தவரே தன் கையால் பரிமாற வேண்டும். அவர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும் முன்னால் கிளம்பினால் மரியாதை இல்லை. ஆவணியில் வைவா என்றபோதே விருந்துக்குச் சமைக்கும் நம் பூந்தமல்லிப் பண்டாரியிடம் மட்டன் பிரியாணிக்குச் சொல்லி வைத்திருந்தேன். தேதி மாறியதும் தேதியை மட்டும் மாற்றிச் சொன்னேன்.

அன்று காலை பெருமாள் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பூந்தமல்லியே நெரிந்தது. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் வண்டி ஓட்டினேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

வெளியூர்த் தேர்வாளர் ஏறிய ரயில் தாமதம். வைவா சொன்ன நேரத்துக்கு ஆரம்பிக்கவில்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா படங்கள் போட்டு விளக்கினாள். இங்கிலீஷில் பாதி எனக்குப் புரியவில்லை. கடைசியில் அந்தத் தேர்வாளர் தமிழுக்கு மாறினார்.

“எம்.பி.ஏ.வும் படிக்கிறீங்களாமே. நோயாளிய விட்டுட்டு ஏ.சி. ரூமுக்குப் போறதுக்காம்மா?”

பேராசிரியை அம்மா குனிந்துகொண்டார். அம்மா கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தாள்.

“இல்ல சார்,” என்றாள். “வார்டுக்கு இன்னும் ரெண்டு நர்ஸ் வேணும்னு நானும் ரொம்ப வருஷமா கேட்டுட்டு இருக்கேன். நோயாளி கஷ்டத்தச் சொன்னா, ஆஸ்பத்திரி நிர்வாகத்துல செலவு யாரு பாக்கறதுன்றாங்க. செலவப் பத்திப் பேசினா, நர்ஸுக்கு என்ன தெரியும்ன்றாங்க. ஆராய்ச்சி அவங்க ஒரு கேள்விக்கு. எம்.பி.ஏ. இன்னொரு கேள்விக்கு. ரெண்டுக்கும் பதில் கைல இருந்தா என்னைத் திருப்பி அனுப்ப முடியாதில்ல சார்.”

அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள். திரும்பக் கூப்பிட்டுப் பட்டத்துக்குப் பரிந்துரை செய்கிறோம் என்று அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கைதட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். சால்வை, புகைப்படம், ஆளுக்கு நாலு வார்த்தை. பிறகு சாப்பாடு. கணக்குப்படி அம்மா பரிமாறி முடித்துக் கிளம்பினால் கள்ளிக்குப்பத்தில் கேட்டைப் பூட்டியிருப்பார்கள்.

அப்போதுதான் லோடு ஆட்டோவில் பிரியாணித் தேக்சா வந்து இறங்கியது. மூடியைத் தூக்கியதும் வாசனை தாழ்வாரம் முழுக்கப் போனது. யாருமே அசையவில்லை. சால்வை போட்டிருந்த தேர்வாளர் மெதுவாக என்னிடம் கேட்டார், “மட்டனுங்களா?”

ஆமாம் என்றேன், பெருமையாக.

“புரட்டாசிச் சனிக்கிழமைங்க,” என்றார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். பாதிப் பேர் நெற்றியில் நாமம். சிலர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு இருக்கிறார்களாம். அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஓரமாக ஒதுங்கிப் பண்டாரிக்குப் போன் போட்டேன்.

“இன்னா மாமு, புரட்டாசின்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“உன் ஊட்டுக்காரி படிச்சி முடிக்கிற விசேஷம்னு சொன்ன. நம்ம ஜனத்துக்குன்னு நெனச்சிகினேன். இந்த மாசத்துல மட்டன் கேட்டு வந்தவன் நீ ஒருத்தன்தான் நைனா. உன்ன நான் கேள்வி கேப்பனா?”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் யாரோ சிரிக்கிற சத்தம். பேராசிரியை அம்மா. அந்த அம்மா சிரித்து நான் பார்த்ததே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

“எங்களுக்குப் பரிமாற இன்னிக்கு உனக்கு வழியே இல்ல. நாங்க கேன்டீன்ல தயிர்சாதம் பாத்துக்கறோம். நீ கெளம்பு.”

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

“ஆத்துல வெச்ச கால் கரையேறிடுச்சுடி. சேத்துல கெடக்கறதையும் எடுத்துட்டு வா, போ.”

லோடு ஆட்டோக்காரரிடம் தேக்சாவை அம்மா வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். மெயின் ரோட்டில் மெட்ரோ வேலை. திருவேற்காட்டுக்குள் புகுந்து அயனம்பாக்கம் வழியாகப் போனேன். பின்னால் அம்மா புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். ஓதுகிறாளா படிக்கிறாளா என்று கேட்கவில்லை. கேட்டுக்குள் அவள் ஓடினதைப் பார்த்த பிறகுதான் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டேன். எதிரே டீக்கடையில் வாங்கிய டீ ஆறிப்போனது. குடிக்கத் தோன்றவில்லை.

பரீட்சை முடிந்து எல்லோரும் கும்பலாக வந்தார்கள். அவள் கடைசியில் வந்தாள், பட்டுப்புடவையில், நிதானமாக. உங்கள் வேலையிடத்தில் ஒரு குறையை எடுத்துக்கொண்டு எப்படிச் சரிசெய்வீர்கள், என்ன செலவாகும் என்று எழுதச் சொல்லி ஒரு பெரிய கேள்வி வந்ததாம்.

“காலைல அவர்கிட்ட சொன்னதத்தாங்க எழுதினேன். கூட கணக்கு போட்டுக் காட்டினேன், அவ்வளவுதான்.” பிறகு, “பிரியாணி எங்க? பசிக்குது,” என்றாள்.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அம்மாவின் வார்டு சிஸ்டர்கள் ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தார்கள். காலை ஷிஃப்டில் விரதம் இல்லாதவர்கள் வீட்டுக்குப் போகாமல் நின்று சாப்பிட்டார்களாம். அப்படி நின்றதில், அன்றைக்கு ஒரு கட்டில் விடாமல் விவரம் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்கள். மிச்சத்தைத்தான் தூக்கில் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்தப் பரீட்சையில் அம்மா தேறினாள். முதலில் போன் செய்து கேட்டது பேராசிரியை அம்மா. அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு அம்பத்தூரைத் தாண்டியதுமே அம்மா என் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சேலைத் தலைப்பைச் சக்கரத்தில் சிக்காமல் என் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு, அவள் கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினேன். தூக்கு ஹேண்டிலில் ஆடிக்கொண்டே வந்தது. பெரியம்மா தெரு வந்துவிட்டது. எழுப்ப மனசு வரவில்லை. ஏரிக்கரைப் பக்கம் போய் இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தேன். நீங்கள் வாசலில் காத்து நின்றது அதனால்தான்.