செருப்பில் செதுக்கிய சூரியன்

என் மேசை இழுப்பறையில் ஒரு செருப்புத் துண்டு இருக்கிறது. போன வாரம் புதிதாக வந்த நர்ஸ் மேசையைச் சுத்தம் செய்யப் போய், அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி, "செருப்ப யாரு மேடம் இங்க கொண்டாந்து வெச்சது, கர்மம்!" என்று குப்பைக்கூடையை நோக்கி நடந்துவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். எனக்குக் கோபம் அப்படித்தான் வரும்; வந்த வேகத்தில் போயும்விடும். துண்டை வாங்கித் துடைத்து அவளிடம் திருப்பித் திருப்பிக் காட்டினேன். நீல ரப்பர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் சாப்பாட்டுத் தட்டும் அதன் நடுவில் ஒரு களி உருண்டையும். மறுபக்கம் கதிர் விரித்த சூரியன். இரண்டையும் செதுக்கியது ஒரு பல் டாக்டர்.

பல் டாக்டருக்கும் எனக்கும் ஒரே வயது. நேரில் 'வாங்க, போங்க' என்றுதான் பேசிக்கொள்வோம். நினைக்கும்போது மட்டும் 'அவள்' என்றே மனதில் வருகிறது, அப்படியே எழுதுகிறேன். வீட்டில் கன்னடம், நோயாளிகளிடம் தெலுங்கு, சக டாக்டர்களான எங்களிடம் மூன்றும் கலந்த ஒரு தமிழ். நான் அருப்புக்கோட்டைக்காரி. நான் டாக்டராக வேலை பார்க்கும் ஓசூர்ப் பக்கத்து ஆட்களுக்குச் சேலத்துக்குத் தெற்கே எல்லாமே மதுரைதான். எத்தனை முறை திருத்தினாலும் அவளுக்கு நான் 'மதுரை மேடம்'. கைப்பையில் எப்போதும் அறுந்துபோன ரப்பர் செருப்பின் துண்டுகள் இருக்கும். பல் சுத்தம் செய்து தேய்ந்துபோய்க் கழித்துவிட்ட ஊசிகளைத் தனியே எடுத்து வைத்திருப்பாள். பேசிக்கொண்டே, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே, எதையாவது செதுக்குவாள். பல்லைக் குடைகிற கை சும்மா இருக்காது என்று நாங்கள் கேலி செய்வோம்.

எங்கள் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மதியம், ஐந்து டாக்டர்கள். இடம், தேன்கனிக்கோட்டை போகும் வழியில் ஒரு கன்னியாஸ்திரி நடத்திய சின்ன ஆஸ்பத்திரியின் சாப்பாட்டு அறை. அவரும் டாக்டர்தான், சிஸ்டர் டாக்டர் என்போம். மூச்சிரைப்பு மருந்தை உறிஞ்சக் கருவி வாங்க முடியாதவர்களுக்குத் தண்ணீர் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டுக் கொடுத்தவர் அவர். சைக்கிள் ட்யூபையும் மணல் மூட்டையையும் வைத்துக்கொண்டு எலும்பு டாக்டர் செய்த வித்தைகளை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். கையில் இருப்பதைக் கொண்டு எதையாவது செய்து பார்ப்பது, செய்ததை மற்றவர்களுக்குக் கொடுப்பது, இதுதான் எங்கள் ஞாயிறு.

ஆனால் சாப்பாட்டுக்கு முன் ஒரு சடங்கு உண்டு. மேசை மேல் ஐந்து எவர்சில்வர் தட்டும் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அந்த மாதம் தான் செய்த தப்பு ஒன்றைச் சொன்னவர்தான் தன் தட்டை நிமிர்த்தலாம். முதல் முறை போனபோது, "நான் ஒண்ணும் தப்புப் பண்ணலயே" என்று விறைப்பாகச் சொன்னேன். சிஸ்டர் டாக்டர் சிரிக்கவேயில்லை. "அப்ப நீ இந்த மாசம் பேஷண்ட்டே பாக்கலியா? பொய் சொல்றவங்களுக்கு நான் களி கிண்டறதில்ல" என்றார். பசி வயிற்றைக் கிள்ளியது. ஒன்றல்ல, மூன்று தப்பு சொல்லித் தட்டை நிமிர்த்தினேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சூரியன் பிறந்தது. என்னிடம் வருகிறவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் கொஞ்சம், கன்னட எழுத்து மட்டும் தெரிந்தவர் கொஞ்சம், எந்த எழுத்தும் தெரியாதவர் மிச்சம். மாத்திரைக் கவரில் நான் எழுதுவது யாருக்கும் புரியவில்லை என்று புலம்பினேன். "அழாதீங்க மதுரை மேடம்" என்று சொல்லிவிட்டு, நாங்கள் மோர் குடித்து முடிப்பதற்குள் பல் டாக்டர் தனித்தனித் துண்டில் ஒரு சூரியனையும் ஒரு பிறையையும் செதுக்கி நீட்டினாள். மசியில் தொட்டுக் கவரில் குத்த வேண்டியதுதான்: சூரியன் என்றால் காலை, பிறை என்றால் ராத்திரி. அழகான சூரியன் அது, கதிர்கள் ஒவ்வொன்றும் ஒரே அளவு. அடுத்த மாதத்துக்குள் ஐந்து பேர் மேசையிலும் ஊதா மசியும் செருப்பு சீலும் வந்துவிட்டன. எங்களுக்கு ஒரே பெருமை. நான் அதைப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், பன்னிரண்டு மணி இருக்கும், ஆட்டோவில் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். என்னிடம் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிறவர். நாற்பத்தைந்து வயது, கம்பெனி வேலை. உடம்பெல்லாம் வியர்வை, சட்டையைப் பிழியலாம், வாய் குழறியது. கூட வந்த மனைவிக்கு அழக்கூட நேரமில்லை. "குடிச்சிட்டு விழுந்து கெடக்கறாருன்னு பக்கத்து வூட்ல சொல்றாங்கம்மா. சத்தியமா அவரு குடிக்க மாட்டாரு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சர்க்கரையைப் பார்த்தேன். இன்னொரு முறை பார்த்தேன். அவ்வளவு கீழே போயிருந்தது. குளுக்கோஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "ஷிப்டுக்கு நேரமாயிடுச்சா?" என்று கேட்டார். அப்போதுதான் அந்த அம்மா அழுதார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டிக்குச் சொல்லிவிட்டு, என்ன நடந்தது என்று அவரிடமே கேட்டேன். அந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிட்டது. வீட்டுக்கு வந்தார், சூரியன் வந்திருந்தது, கவரில் சூரியன் இருந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அசதியில் சாப்பிடாமல் படுத்துவிட்டார். "நீங்க சொன்னாப்லயேதான் போட்டேம்மா, ஒரு நாள்கூட உடல" என்றார், ஏதோ தான் குற்றம் செய்துவிட்டதுபோல. அந்த மாத்திரை போட்டால் சாப்பிட வேண்டும்; சாப்பிடாமல் தூங்கினால் தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். என்ன வேலை என்று நான் அவரிடம் கேட்டது உண்மை. 'கம்பெனி' என்று அவர் சொன்னதும் உண்மை. இந்த ஊரில் பாதிப் பேர் சொல்லும் பதில் அது. எந்த ஷிப்ட் என்று அடுத்த கேள்வியைக் கேட்க எனக்கு நாக்கு இல்லாமல் போய்விட்டது.

ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. நல்லபடியாக வீடு திரும்பியபின் அந்த அம்மா ஒரு கூடை தக்காளி கொண்டுவந்து, "உங்களாலதான் பொழச்சாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தக்காளியை என்னால் சமைக்க முடியவில்லை. அந்த வாரமே ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். 'குடும்பச் சூழ்நிலை' என்று பச்சைப் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை அனுப்பலாம் என்று கைப்பையில் வைத்திருந்தேன். இடையில் இரண்டாவது ஞாயிறு வந்துவிட்டது.

அன்று எனக்காக ஒரு சின்னத் தப்பைத் தயார் செய்துகொண்டு போனேன். இடது காது வலிக்கு வந்த பாட்டிக்கு வலது காதில் மருந்து விட்டு அனுப்பிய கதை. எல்லோரும் சிரித்தார்கள். எலும்பு டாக்டருக்குப் புரையேறிவிட்டது. என் தட்டு நிமிர்ந்தது. சிஸ்டர் டாக்டர் ஆவி பறக்கும் களி உருண்டையைக் கரண்டியில் ஏந்தி என் பக்கம் வந்தார். என்னவோ தெரியவில்லை, அவர் களியை வைப்பதற்கு முன்னால் என் கை தானாகவே தட்டை மறுபடியும் கவிழ்த்துவிட்டது.

சொன்னேன். மாற்றல் கடிதத்தைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அசைந்தது பல் டாக்டர். தன் தட்டை எடுத்துக் கவிழ்த்து, கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டாள். "அய்யோ தேவரே. அது என் சூரியன் மேடம். செதுக்கறப்ப நான் என்ன நெனச்சேன்? ஊரே ராத்திரி தூங்குதுன்னு நெனச்சேன். என் தம்பியே தேர்டு ஷிப்ட் போறான்!" என்றாள். அவள் அழவில்லை, முகம் வெளுத்திருந்தது. பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் சிஸ்டர் டாக்டர் களிச் சட்டியை மூடினார். "யாரோட சூரியன்னு அப்பறம் சண்டை போடுங்க. அந்த சீல் நம்ம அஞ்சு பேர்கிட்டயும் இருக்குது. இந்த மாத்திரை சாப்பிடறவங்கள்ல யாரு நைட் ஷிப்ட்? இப்பவே பாரு, எந்திரி" என்றார்.

பதிவேட்டைப் பார்த்து, நினைவைக் கிளறி, ஆளுக்கொரு போனாக அடித்தோம். அவரவர் ஆஸ்பத்திரி நர்ஸை மதியத் தூக்கத்திலிருந்து எழுப்பி நோயாளிகளின் பெயர் கேட்டோம். ஒவ்வொருவராக எடுத்து, "நல்லாத்தான் இருக்கறேன், என்னா விசயம்?" என்றார்கள். ஒருவர் மட்டும் எடுக்கவில்லை. சிஸ்டர் டாக்டரிடம் மருந்து வாங்கும் ஒரு பெண்மணி. உத்தனப்பள்ளியில் வீடு, ஒரு கம்பெனியில் ராத்திரி துப்புரவு வேலை, தனியாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சிஸ்டர் டாக்டர் ஜீப்பை எடுத்தார். பல் டாக்டரும் நானும் ஏறிக்கொண்டோம். கெலமங்கலம் வழியாக அவர் ஓட்டிய ஓட்டத்தில் எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லோரும் வாயில் வந்தார்கள்.

கதவு சாத்தியிருந்தது. தட்டினோம். இடித்தோம். எத்தனை நேரம் என்று தெரியாது. பல் டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. உள்ளே ஏதோ உருண்டது. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. நெற்றியில் முடி ஒட்டிக்கொண்டிருக்க, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா நின்றார். "சிஸ்டரா? நாலு நாளா கிறுகிறுன்னு வருது சிஸ்டர். வேல அசதின்னு உட்டுட்டேன்" என்று குழறினார். ஜீப்பிலேயே கலக்கி எடுத்துவந்திருந்த சர்க்கரைத் தண்ணீரைப் பல் டாக்டர் வாயோரம் பிடித்து மெல்ல மெல்லக் குடிக்க வைத்தாள். தெளிந்து, நாங்கள் யார் என்று சிஸ்டர் டாக்டர் சொன்னதும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "மூணு டாக்டருங்க வந்திருக்கீங்களே, யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

திரும்பி வரும்போது அவரையும் ஜீப்பில் ஏற்றிவந்து சிஸ்டர் டாக்டரின் வார்டில் படுக்க வைத்தோம். இரண்டு நாள் அங்கேதான் இருந்தார். எலும்பு டாக்டரும் ஐந்தாவது டாக்டரும் சாப்பிடாமல் காத்திருந்தார்கள். களி கல்லாகியிருந்தது. அன்று என் தட்டை யார் நிமிர்த்தியது என்று எனக்கு நினைவில்லை, நான் நிமிர்த்தவில்லை. அவ்வளவு ருசியாக ஒரு ஆறிப்போன களியை நான் அதற்குப் பிறகு சாப்பிட்டதில்லை.

சாப்பிட்ட கையைக் கழுவியதும் பல் டாக்டர் என் சூரியன் சீலைக் கேட்டாள்; அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து அது என் கைப்பையிலேயேதான் கிடந்தது. தூக்கிப் போடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அதைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு வட்டம் கீறினாள். "மாத்திரைக்கு மணி பாக்கக் கூடாது மேடம். தட்டைத்தான் பாக்கணும். தட்டு முன்னாடி வந்தா மாத்திரை, வரலைன்னா இல்ல." தட்டு வந்தது, நடுவில் உருண்டை வந்தது. பதிந்து பார்க்கப் பேப்பர் கேட்டாள். என் கைப்பையில் இருந்தது ஒரே ஒரு பேப்பர்தான். எடுத்து நீட்டினேன். பிரித்து, முதல் வரியிலிருந்து கையெழுத்து வரைக்கும் படித்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கடிதத்தைக் குப்புறப் போட்டு, நடுவில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். "நல்லா விழுந்திருக்குது, இல்ல?" என்றாள். "நல்லா விழுந்திருக்கு" என்றேன். காட்டிலிருந்து யானை ரோட்டுக்கு இறங்குகிற நேரம், கிளம்புங்க கிளம்புங்க என்று சிஸ்டர் டாக்டர் எல்லோரையும் விரட்டத் தொடங்கினார்.

இப்போது பல் டாக்டர் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில் இருக்கிறாள். முடிந்தபோதெல்லாம் இரண்டாவது ஞாயிறுக்குப் பஸ் பிடித்து வந்துவிடுவாள். அந்தக் கம்பெனிக்காரருக்கு அப்போதே வேறு மாத்திரை மாற்றினேன். இன்றும் என்னிடம்தான் வருகிறார். நான் வாயைத் திறப்பதற்குள், "இந்த வாரம் செகண்ட் ஷிப்டும்மா" என்று அவரே சொல்லிவிடுகிறார். என் அறைக்கு எத்தனையோ வந்துவிட்டன, கம்ப்யூட்டர், அச்சடித்த கவர், எல்லாம். இருந்தாலும் எழுத்துத் தெரியாதவருக்கு நான் இழுப்பறையைத்தான் திறக்கிறேன்.

அந்த சீலுக்குப் பிடி கிடையாது. தட்டைப் பதிக்க வேண்டுமானால் சூரியன் மேல் கையை வைத்து அழுத்தியாக வேண்டும். பழைய மசி இன்னும் அதில் மிச்சம் இருக்கிறது. ஒரு நாளில் நாலைந்து கவர் குத்தினால் உள்ளங்கையில் மங்கலாக ஒரு சூரியன் விழுந்துவிடும். புது நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு நேற்று கேட்டாள்: "பின்பக்கத்து சூரியன செதுக்கி எடுத்துட்டா கைல ஒட்டாதே மேடம்?"

"ஒட்டட்டும்" என்றேன். வரிசையில் அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். எந்த ஷிப்ட் என்று கேட்டேன்.