நெரிடாவின் பிங்

இது நடந்த வீடு இன்னும் மேற்கு ஆஸ்திரேலியாவில், கால்கூர்லியில்தான் இருக்கிறது. இப்போது அதில் வேறு குடும்பம் குடியிருக்கிறது. அவர்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நாளும் நேரமும் அன்றன்றே நான் குறித்து வைத்தவை. ஒரு வார்த்தைகூட நான் சேர்த்துச் சொல்லவில்லை.

எனக்குத் தங்கச் சுரங்கத்தில் இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் மூன்று மணிக்கு எழுவேன். நான்கு மணிக்கு ஆன்லைன் கேம். எங்கள் அணியில் மூன்று பேர். நான், சுரங்கத்தில் என்னோடு வேலை பார்க்கும் டூகல், அப்புறம் நாட்டின் மறுகோடியில், டாஸ்மேனியாவில் பர்னி ஊரில் இருக்கும் நெரிடா. நெரிடாவை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் ஏழு வருடமாக அவள் குரலைத் தினமும் கேட்டிருக்கிறேன். எனக்கு விவாகரத்து ஆன மாதத்தில், ஆட்டம் முடிந்த பிறகும் போகாமல் என்னோடு பேசிக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான்.

பயிற்சி ஆட்டத்துக்கு என் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்தான் சர்வர். திரையில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு எண் தெரியும். அதுதான் பிங். ஆள் என் வீட்டிலிருந்து தூரத்தில் இருந்தால் அந்த எண் பெரிது. கிட்டே இருந்தால் சிறிது. இதே ஊரில் இருக்கும் டூகலுக்கு 9. நெரிடாவுக்கு 92. ஏழு வருடமும் 92தான். ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

மார்ச் 14, திங்கட்கிழமை. இரண்டு நாள் வராமல் இருந்த நெரிடா வந்தாள். ஆனால் பேசவில்லை. மைக் ரிப்பேர் என்று எழுதினாள். அவள் எண்ணைப் பார்த்தேன்.

18.

"டூகல், இவளுக்கு எப்படிடா பதினெட்டு வரும்? பெர்த்ல உக்காந்து ஆடுறவனுக்குத்தான் அது வரும்."

"லைனை மாத்தியிருப்பா. நல்லதுதானே, விடுடா."

விட்டுவிட்டேன்.

செவ்வாய், 4:25. லேக் ஆரம்பித்தது, ஆட்டம் விட்டு விட்டுத் திக்கியது. திரையில் ஓடிக்கொண்டிருந்த என் ஆள் அப்படியே நின்றான். அப்புறம் பத்தடி தள்ளிப் போய் விழுந்தான். என் பிங் 400... 600... சர்வர் என் வீட்டிலேயே இருக்கிறது. எனக்கு 1ஐத் தாண்டவே கூடாது. வைஃபையை அணைத்துவிட்டுக் கேபிளைச் சொருகினேன். பின்னால் ஓடிய அப்டேட்களை நிறுத்தினேன். ரவுட்டரை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட்டேன். சரியாகவில்லை. யாரோ என் லைனில் உட்கார்ந்து உறிஞ்சுவது போல இருந்தது. ரவுட்டரில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பட்டியலைத் திறந்து பார்த்தேன்.

இரண்டே கம்ப்யூட்டர். இரண்டும் என்னுடையவை.

நெரிடாவின் எண்ணைப் பார்த்தேன். 6.

புதன்கிழமை டூகல் புதுக் கேபிளோடு என் வீட்டுக்கே வந்தான். வெள்ளிக்கிழமை மாநிலப் போட்டி, அதற்குள் லேக்கை ஒழிக்க வேண்டும் என்றான். கையில் சூடாக, இறைச்சி அடைத்த ஒரு மீட் பை. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "இந்த ரவுட்டரை மியூசியத்துல வச்சா டிக்கெட் போட்டுப் பார்ப்பாங்கடா" என்று கிண்டல் செய்தான். நானும் சிரித்தேன். கேபிளை மாற்றினேன். வெளியே வெயில் கொளுத்தியது. பகலில் தூங்குகிறவன் என்பதால் என் வீட்டில் ஜன்னலெல்லாம் எப்போதும் திரை போட்டு மூடியிருக்கும்.

4:25. நெரிடா உள்ளே வந்தாள்.

பிங் 1.

டூகல் மெல்லுவதை நிறுத்தினான். போனை எடுத்து யாரையோ கூப்பிட்டான்.

"நீ இப்ப கேம்ல இருக்கியா?"

பதிலைக் கேட்டுவிட்டுப் போனை மெதுவாகக் கீழே வைத்தான்.

"யார்கிட்டடா கேட்ட?"

அவன் திரையைக் கையால் காட்டினான்.

நான் எழுந்து போய் இன்டர்நெட் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். ரவுட்டரில் சிவப்பு விளக்கு. இனி வெளியாள் யாரும் ஆட்டத்தில் இருக்க முடியாது.

நெரிடாவின் பெயர் போகவில்லை.

பிங் 1.

டக்... டக் டக்... டக்...

பக்கத்து அறையில் யாரோ கீபோர்டு தட்டும் சத்தம். அந்த அறையில் என் கட்டிலைத் தவிர எதுவும் இல்லை.

சத்தம் நின்றது.

திரையில் ஒரு வரி வந்தது.

"ரோரி, டூகல் சொன்னானா?"

ரோரி என்பது நான்தான்.

டூகல் அழ ஆரம்பித்தான். "சனிக்கிழமையே போயிட்டாடா. கார் ஆக்சிடென்ட். அவ அக்கா எனக்குத்தான் போன் பண்ணினாங்க. ரோரிகிட்டயும் சொல்லிடுன்னாங்க."

"ஏன்டா சொல்லல?"

"ஆள் குறைஞ்சா நம்ம டீமைப் போட்டியிலேர்ந்து எடுத்துடுவாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும்தானேன்னு... பெர்த்ல இருக்கிற என் தம்பிகிட்ட அவ பாஸ்வேர்டைக் கொடுத்தேன். அவன் திங்கள் மட்டும்தான் ஆடினானாம். நேத்துலேர்ந்து பாஸ்வேர்டு எடுக்கலைன்னு இப்பத்தான் சொல்றான்."

"அடக்கம்?"

"நேத்து முடிஞ்சுது."

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் அவனைத்தான் பார்த்தேன். மூன்று நாளாக என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டவன். என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து என்னைச் சிரிக்க வைத்தவன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விமானம் பிடித்துப் போயிருப்பேன். அந்த முகத்தை ஒரே ஒரு தடவையாவது பார்த்திருப்பேன். அவளைப் புதைத்த அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ரவுட்டரை அணைத்து முப்பது எண்ணிக்கொண்டிருந்தேன்.

"வெளிய போடா."

போனான். இன்றுவரை அவனோடு நான் பேசியதில்லை. அன்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நானும் வெளியே வந்துவிட்டேன். காரில்தான் படுத்தேன். அந்த வாரமே வீட்டைக் காலி செய்தேன்.

ஒரு மாதம் கழித்து நெரிடாவின் அக்கா என்னைக் கூப்பிட்டார். தங்கையின் கேம் கணக்கை மூட வேண்டுமாம், உதவி கேட்டார். கம்பெனிக்கு எழுதினோம். அந்தக் கணக்கு கடைசியாக எங்கெங்கே திறக்கப்பட்டது என்ற பட்டியலை அனுப்பினார்கள்.

திங்கள், மாலை 3:58. பெர்த். வெளியேறியது 6:02. அது டூகலின் தம்பி.

அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. செவ்வாய், எங்கள் ஊர் நேரப்படி மதியம் 1:10. பர்னியில் குழியை மூடி முடித்த நேரம் அது என்றார் அக்கா. இடம் என்ற கட்டத்தில் என் வீட்டு லைனின் எண் இருந்தது. அந்த நேரத்தில் நான் அந்த வீட்டில், என் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

வெளியேறிய நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது.