நடராசனின் அறைக்குள் வந்த கண்

திண்டிவனத்தில் கோர்ட்டுக்குப் போகிற வழியில், ஒரு ஜெராக்ஸ் கடையை ஒட்டிய சின்ன அறையில் நடராசன் மனு அடித்துக் கொடுக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. பார்வையற்றோர் பள்ளியில் படித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் விடவில்லை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல் ஒன்று அவர் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடுகிற வேகத்தில் நமக்கு வண்டு பறக்கிற சத்தம்தான் கேட்கும். அவருக்கு அது முழு வாக்கியம்.

அந்த வீதியில் மனு எழுதுகிறவர்கள் இன்னும் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். ஆனாலும் சில விஷயங்களுக்கு இவரைத்தான் தேடி வருவார்கள், முக்கியமாகப் பெண்கள். தன் முகத்தைப் பார்க்காத ஒருவரிடம் வாயைத் திறப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. நாளைக்கு பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தாலும் இவருக்கு அடையாளம் தெரியாது என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில், ஒரு தரம் கேட்ட குரலை அவர் மறந்ததே இல்லை. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

இருபத்து மூன்று வருடமாக அவருக்கு ஒரு வழக்கம். மனுவை பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்ததும், வந்தவர் உட்கார்ந்திருக்கும்போதே கம்ப்யூட்டரில் இருக்கும் பிரதியை அழித்துவிடுவார். "அழிச்சிட்டேம்மா" என்று வாய்விட்டும் சொல்லுவார்.

போன வருடம் பழைய கம்ப்யூட்டர் பாதியில் பாதியில் நின்றுபோக ஆரம்பித்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி அன்புச்செல்வன் ஒரு ஞாயிற்றுக்கிழமை புது லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தான். ஏ.ஐ. உள்ளேயே வைத்துச் செய்த மாடல். ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், அது கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஆம்' 'ஆம்' என்று அழுத்திக்கொண்டே போனான்.

"இன்னாடா கேக்குது அது?"

"ஒண்ணும் இல்லண்ணா. எல்லாம் வழக்கமா கேக்கறதுதான்."

பாஸ்வேர்டாக நான்கு ஒன்றுகளை வைத்தான். அண்ணனுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை செய்தான். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவை போனில் எடுத்து, லேப்டாப்பில் ஏற்றி, "இதுல இன்னா இருக்குது, சொல்லு" என்றான். அது தமிழில் நிதானமாகச் சொன்னது. ஒரு ஆணும் பெண்ணும் மாலையோடு நிற்கிறார்கள். ஆணின் மாலை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. பின்னால் நீலத் திரைச்சீலை. பெண் கேமராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நடராசன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பத்தொன்பது வருடமாக அந்தப் போட்டோ அவர் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த எத்தனையோ பேர் அதைப் பார்த்து "நல்லா இருக்குது" என்றிருக்கிறார்கள். ஒருவர்கூட இதைச் சொன்னதில்லை.

"அமலா, நீ என்னையா பாத்துக்கினு இருந்த?"

அவர் மனைவி அமலா அங்கன்வாடியில் வேலை செய்கிறவர். ஈரக் கையோடு உள்ளேயிருந்து வந்து போட்டோவை அண்ணாந்து பார்த்தார். "அட ஆமாங்க. எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நடராசன் கையில் கிடைத்ததையெல்லாம் அதனிடம் காட்டினார். காலண்டர், மாத்திரை அட்டை, ரேஷன் கார்டு. தன்னுடைய கையெழுத்தையே ஒருநாள் காட்டினார். எழுத்துகள் மேல்நோக்கி ஏறிப்போகின்றன என்று சொன்னது. முப்பது வருடமாகப் போட்டுவரும் கையெழுத்து மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மார்கழியில் கிருஷ்ணவேணி வந்தார். அது அவருடைய உண்மையான பெயர் இல்லை. அவர் சம்மதத்தைக் கேட்டு, பேரையும் ஊரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். மண்டகப்பட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் லாரி டிரைவர், இறந்து மூன்று வருடம். அவர் விட்டுப்போனது ஒரு காணி நிலமும், எச்.ஐ.வி.யும். கிருஷ்ணவேணி மாதாமாதம் முண்டியம்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி, நன்றாகவே இருக்கிறார். அந்த நிலத்தில் தானே மல்லாட்டை பயிரிட்டு எடுக்கிறார். விஷயம் டாக்டர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டில் கொழுந்தன் சின்னதுரை. நிலத்தின் மேல் அவருக்கு ஒரு கண். இது மட்டும் தெரிந்தால் ஊரைக் கூட்டித் தன்னைத் துரத்திவிடுவார் என்று கிருஷ்ணவேணி பயந்தார். அதனால்தான் விழுப்புரத்தில் எழுதாமல் திண்டிவனம் வரை வந்தார். அரசு உதவி கேட்டு கலெக்டருக்கு ஒரு மனு. பதில் வேறு விலாசத்துக்கு வரவேண்டும் என்றும் அதிலே ஒரு வேண்டுகோள். நடராசன் அடித்தார், கொடுத்தார், அழித்தார். "அழிச்சிட்டேம்மா" என்றார்.

தை மாதம் லேப்டாப்பில் ஒரு விசை ஒட்டிக்கொண்டது. ஒரு தரம் அழுத்தினால் மூன்று 'ன' விழுந்தது. அமலாவோடு பஸ் ஏறி, விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனார். அங்கே கலைப்பிரியா என்ற பெண்தான் மெக்கானிக். பத்து நிமிஷத்தில் விசையைச் சரிசெய்துவிட்டு, "சார், இவ்ளோ புது மெஷின், அதுக்குள்ள இன்னா இவ்ளோ இடம் ரொம்பிக்கினு இருக்குது?" என்று உள்ளே பார்த்தார்.

"சார், இது உங்க ஸ்கிரீனைப் போட்டோ எடுத்து வச்சிக்கினு இருக்குது. சில செகண்டுக்கு ஒரு தரம்."

"யார் எடுக்கச் சொன்னது?"

"வாங்கினப்ப கேட்டிருக்கும். ஆம்னு யாரோ அழுத்தியிருக்காங்க. நீங்க எதையாவது தேடினா, எப்ப பார்த்தீங்கன்னு எடுத்துக் குடுக்கறதுக்காக. ஒரு வார்த்தை சொல்லுங்க, காட்டறேன்."

கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். யாருக்கும் வம்பில்லாத ஒரு சொல்லாக இருக்கட்டும் என்று யோசித்து, "மல்லாட்டை" என்றார் நடராசன்.

கலைப்பிரியா அடித்தார். "பதினோரு எடத்துல இருக்குது சார். பயிர்க் காப்பீடு மனு ஒண்ணு... மார்க்கெட் கமிட்டிக்கு ஒண்ணு... அப்புறம் இது கலெக்டருக்கு. கணவர் இறந்த பின் நிலக்கடலை பயிரிட்டு வாழ்ந்து வருகிறேன், எனக்கு எச்..."

சட்டென்று நிறுத்தினார். லேப்டாப் மூடி சாத்தப்படும் சத்தம் நடராசனுக்குக் கேட்டது.

"நான் படிக்கல சார்" என்றார் கலைப்பிரியா, மிகவும் தணிந்த குரலில். "சத்தியமா, அதுக்கு மேல படிக்கல."

நடராசன் என்னிடம் சொன்னார்: முதலில் அவருக்குப் பயம் வரவில்லையாம். திகைப்புதான் வந்ததாம். அவர் சொன்ன சொல் மல்லாட்டை. மனுக்களில் அவர் அடித்திருந்தது எல்லாமே நிலக்கடலை. இரண்டும் ஒன்றுதான் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? ஐந்து மாதம் தன் விரலுக்குக் கீழே, ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லாமல், அது எல்லாவற்றையும் பார்த்து, படித்து, பொருளும் புரிந்து வைத்திருக்கிறது. பயம் பிறகுதான் வந்தது. அத்தனை பேரும் அவரை நம்பி வந்தது அந்த அறையில் பார்க்கிற கண் எதுவும் இல்லை என்றுதான். அந்த அறைக்குள் அவரே ஒரு கண்ணைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருக்கிறார்.

"இது வெளிய எங்கயாவது போயிருக்குமாம்மா?"

"மெஷினை விட்டுப் போகல சார். அது வரைக்கும் நல்லது. ஆனா பாஸ்வேர்டு தெரிஞ்ச யாரா இருந்தாலும் இதைக் கேக்கலாம். நாலு ஒண்ணுன்னா யாருக்கு வேணாலும் தெரியும். மொத்தமா அழிச்சிடட்டுமா?"

"போட்டோ எடுக்கறதை நிறுத்திடும்மா. பாஸ்வேர்டை மாத்திடு. அழிக்கறது எப்டின்னு எனக்கு சொல்லிக்குடு. அது அவங்க சமாச்சாரம். அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம நான் அழிச்சிட்டு சும்மா இருந்துட முடியாது."

போட்டோவைப் பார்த்துச் சொல்லும் வசதி தனி, அதற்கு இந்தப் பதிவு எதுவும் வேண்டியதில்லை என்று கலைப்பிரியா விளக்கினார். எந்த விசைக்குப் பிறகு எந்த விசை என்று நான்கு தரம் செய்யவைத்துப் பழக்கினார். கடைசிக் கேள்வி வரும்போது மட்டும் 'வேண்டாம்' கொடுத்துத் திரும்பினார்கள். பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்று நகரும் வரையிலும் நடராசன் லேப்டாப்பை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

அந்த ஐந்து மாதத்தில் மனு எழுதியவர்களுக்கெல்லாம் மறுநாளே போன் செய்தார். மனுவில் போட்ட நம்பரெல்லாம் அவருக்கு மனப்பாடம். போனில் எதுவும் சொல்லாமல், ஒரு தரம் வந்து போகச் சொன்னார். ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் திட்டினார்கள். சிலர் "பேஜாரு புடிச்ச மெஷினா இருக்குதே" என்று சிரித்தார்கள். ஒருவர் இனிமேல் இங்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோருக்கும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "தப்பு என்னுதுதான்."

கடைசியாக, மாத்திரை வாங்கிய கையோடு கிருஷ்ணவேணி வந்தார். அவரிடமும் சொன்ன பிறகுதான் அழிப்பது என்று நடராசன் வைத்திருந்தார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு நடந்ததைச் சொன்னார்.

"அதுல என் பேரு இருக்குதாண்ணா?"

"பேரு, ஊரு, மனுவுல எழுதினது எல்லாம் இருக்குது."

"யாராவது பாத்தாங்களா?"

"ஒரு பொண்ணு. பாதி வரி படிச்சிட்டு மூடிட்டா. உன் பேரு அவளுக்குத் தெரியாது."

கிருஷ்ணவேணி நாற்காலியை அருகில் இழுத்தார். "எது பட்டன்? எனக்குக் காட்டுங்க."

நடராசன் விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தி, கடைசிக் கேள்வி வரை வந்தார். சேமித்த அனைத்தும் நிரந்தரமாக அழிக்கப்படும், சம்மதமா என்று லேப்டாப் கேட்டது. குரலை ஸ்பீக்கரில் வைத்திருந்தார். அவர் கிருஷ்ணவேணியின் விரலைப் பிடிக்கவில்லை. என்டர் விசை எங்கே இருக்கிறது என்று அதன் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். கிருஷ்ணவேணி அழுத்தினார். அழிக்கப்பட்டது என்று அது சொன்னது.

"இவ்ளோதானா?" என்றார் கிருஷ்ணவேணி. "மூணு வருசமா நெஞ்சுல வச்சிக்கினு இருக்கேன். இது இம்மா நேரத்துல மறந்துடுச்சே." அதைச் சொல்லும்போது அந்தக் குரலில் கோபம் இல்லை, வியப்புதான் இருந்தது என்றார் நடராசன்.

சரியாகப் பன்னிரண்டாம் நாள் மதியம் ஒரு ஆள் வந்து எதிரே உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"சார், எம் பேரு சின்னதுரை. எங்க அண்ணி கிருஷ்ணவேணி இங்க வந்து ஒரு மனு எழுதிக்கினு போயிருக்குது. பஸ்ல பாத்தவங்க சொன்னாங்க. இன்னா மனு அது?"

"இங்க யாரு வந்தாங்க, இன்னா எழுதினாங்கன்னு நான் யாருக்கும் சொல்றதில்லீங்க."

"நீங்க சொல்லவேணாம் சார். இது புது கம்ப்யூட்டரு, ஏ.ஐ. இருக்குது, ஒரு தரம் பாத்ததை மறக்கவே மறக்காதுன்னு ஜெராக்ஸ் கடையில சொன்னாங்க." சொல்லிக்கொண்டே எட்டி, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் முன்புதான் நடராசன் அதைத் திறந்து வைத்திருந்தார். "கிருஷ்ணவேணி, மண்டகப்பட்டு, மனு. காட்டு" என்று அதைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

நடராசனால் எதுவும் செய்ய முடியவில்லை. பிடுங்கினால் உள்ளே இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அழிந்ததா என்று தன் கண்ணால் பார்க்க அவருக்கு வழியும் இல்லை. அந்தக் குரல் சொன்னதை நம்பியதுதான். இரண்டு மூன்று விநாடிதான். அதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது என்றார்.

"அப்படி எதுவும் என்னிடம் இல்லை" என்றது லேப்டாப்.

சின்னதுரை வேறு மாதிரி கேட்டார். நிலம் என்றார், கலெக்டர் என்றார், மல்லாட்டை என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அது மரியாதையாக இல்லை என்றே சொன்னது. கடைசியில், "சரி, அண்ணி இங்க வர்லபோல இருக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போனார். எதிரே உட்கார்ந்திருந்த நடராசனுக்கோ அந்த மனு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஞாபகம் இருந்தது.

பங்குனியில் கிருஷ்ணவேணிக்கு ஆணை வந்தது, அவர் கொடுத்த வேறு விலாசத்துக்கே. கலைப்பிரியா பழைய கம்ப்யூட்டரைச் சரிசெய்து, இன்டர்நெட் இல்லாமல் வைத்துக் கொடுத்தார். மனுவெல்லாம் இப்போது அதில்தான். லேப்டாப் நடராசன் வீட்டுக்குப் போய்விட்டது.

"அதைக் கண்டா வெறுப்பா இல்லையா?" என்று கேட்டேன்.

"வெறுப்பு எதுக்குங்க? கல்யாணத்தன்னிக்கு என் பொண்டாட்டி யாரைப் பாத்தான்னு சொன்னது அதுதானே. நான் அடிச்ச மனுவைக் கடையில சொன்னதும் அதே கண்ணுதான். இது ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சா எனக்கு இன்னும் ஒடம்பு சிலிர்க்குது. ஆம்னு அழுத்தறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும். அது என் வேலை, அதோட வேலை இல்ல."

நான் அங்கே இருந்தபோதே விருத்தாசலம் என்ற விவசாயி ஒருவர் மனு எழுத வந்தார். நடராசன் ஆரம்பிப்பதற்கு முன், இந்தக் கம்ப்யூட்டர் எதை வைத்துக்கொள்ளும், எதை வைத்துக்கொள்ளாது என்று இரண்டு நிமிஷம் விளக்கினார். வந்தவர் கம்ப்யூட்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் குனிந்தும் பார்த்தார்.

"அப்ப நாம பேசறது இதுக்குக் கேக்காது?"

"கேக்காதுங்க."

"சரி" என்று துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "எழுது. எனக்கு ரெண்டு பசங்க..."

நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.