கதவின் முதுகைப் பார்ப்பவர்

இப்போதெல்லாம் எந்த அறைக்குள் நுழைந்தாலும் கதவை இழுத்து, அதன் முதுகை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். பல் மருத்துவரிடம் போனாலும் அப்படித்தான், சம்பந்தி வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். சம்பந்தி வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் அழுக்குச் சட்டை தொங்கியது. "பரவால்ல, மறைக்கப் பெருசா ஒண்ணுமில்லாத குடும்பம்" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுக் காபியை வாங்கிக்கொண்டார்.

முட்டைக்கோஸ்காரம்மா என்றால்தான் இவரைச் சந்தையில் தெரியும். ஒன்றரை ஏக்கர் நிலம். மூன்று கடை தள்ளி பேரம் பேசுபவரையும் திரும்ப வைக்கும் குரல். தொற்றுநோய்க் காலத்தில் சந்தையைப் பூட்டியபோது, விளைந்து நின்ற கோஸை அப்படியே உழுது மண்ணில் புதைத்தார். டிராக்டர் ஓட்டிய மருமகனோடு கடைசி வரிசைவரை கூடவே நடந்தார்.

விவசாயிகளுக்கு நிவாரணம் என்று அரசு அறிவித்தது. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி அலுவலகத்தில் ஒட்டவேண்டும் என்பது விதி. இவருக்குப் பணம் வரவில்லை. பட்டியலையாவது பார்ப்போம் என்று போனார்.

"ஒட்டியாச்சும்மா" என்றார் எழுத்தர்.

"எங்க தம்பி?"

"பொதுமக்கள் பார்வைக்கும்மா."

பதினோரு முறை போனார். சுவரில் உர விளம்பரமும் போன வருடத்து நாட்காட்டியும்தான் இருந்தன. பன்னிரண்டாம் முறை, காற்று கழுத்தில் அடிக்கிறதே என்று வாசல் கதவைச் சாத்தினார். அதன் முதுகில் நான்கு தாள், முத்திரையோடு. அலுவலக நேரம் முழுக்கக் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதும் விதிதான். திறந்த கதவு சுவரோடு சாய்ந்துகொள்ளும். ஆகவே மக்கள் வரும் நேரத்தில் பட்டியல் சுவரைப் பார்த்தது. மக்கள் போன பிறகு காலி நாற்காலிகளைப் பார்த்தது. இரண்டு விதியையும் மீறாமல் இப்படி ஒட்டத் தனி மூளை வேண்டும். பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

இருபத்தேழாம் வரியில் அவருடைய நிலத்தின் சர்வே நம்பர் இருந்தது. எதிரே இருந்த பெயர் அந்த அலுவலக அதிகாரியின் மச்சினருடையது. அந்த மனிதர் இதுவரை வளர்த்த ஒரே பயிர் மீசை.

ஒரு கையால் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோஸ் விற்கும் குரலில் முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். காத்திருந்த விவசாயிகள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். "அந்த நம்பர் என் நிலமாச்சே" என்றார் ஒருவர். அடுத்த தாளில் இன்னொருவர். உள்ளறையிலிருந்து அதிகாரி ஓடி வந்தார்.

"கதவைத் திறங்கம்மா. இது கவர்மெண்ட் ஆபீஸ்."

"திறந்தா மறைஞ்சிடுது சார். கொஞ்சம் இருங்க, உங்க மச்சினர் இப்பதான் வர்றாரு."

விசாரணை வந்தது. மீசைக்காரரும் அவரைப் போல அடுத்தவர் நிலத்தைக் காட்டி வாங்கியவர்களும் பணத்தைத் திருப்பிக் கட்டினார்கள். நாற்பத்தொரு பேருக்கு அவரவர் நிவாரணம் வந்து சேர்ந்தது, முட்டைக்கோஸ்காரம்மாவுக்கும். அதிகாரிக்கு இடமாற்றம், போன இடத்தில் எத்தனை கதவு என்று தெரியவில்லை.

போன வாரம் புது அதிகாரி முட்டைக்கோஸ்காரம்மாவை வரவழைத்து, தெருவைப் பார்த்த சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்த புதுப் பட்டியலைக் காட்டினார். "இப்ப திருப்திதானேம்மா?"

அந்தம்மா தன் பெயரை ஒருமுறை உரக்க வாசித்தார். சைக்கிளில் போனவர் கால் ஊன்றி நின்றார். பிறகு அந்தம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தி, அதன் முதுகைப் பார்த்தார். வெறும் பலகை, காய்ந்த பசைத் தடம். அதை நகத்தால் சுரண்டி எடுத்தார். கதவை அகலத் திறந்து, காற்றில் ஆடாமலிருக்க, பையிலிருந்து ஒரு முட்டைக்கோஸை எடுத்து முட்டுக்கொடுத்தார்.