துரை கேட்ட மலைக் கிண்ணம்

அழகான பாத்திரம் என்று யாராவது ஒன்றைத் தூக்கிக் காட்டினால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வரும். அதற்குக் காரணம் ஒரு தேநீர்க் கிண்ணம்.

ஜப்பான்காரன் காலத்தில் சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரத் துரை விட்டு ஓடிய பங்களாவில் ஜப்பான் துரை குடியேறியிருந்தான். துரை மாறினாலும் கும்பிடு மாறவில்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்கள் யாரும் திரும்பியதாகத் தகவல் இல்லை. எங்கள் தோட்டத்துப் பட்டியலில் அப்பாவின் பெயரும் இருந்தது.

அப்பா சண்டைக்கு முன்பு சீனர் சூளையில் ரப்பர் பால் பிடிக்கும் மங்கு செய்தவர். அது துரையின் காதுக்கு எட்டியது. பங்களா சன்னலில் தெரியும் ஜெராய் மலை தன் கிண்ணத்திலும் தெரிய வேண்டும் என்றானாம். வரையக் கூடாது, விறகுச் சாம்பல் பூச்சே சூளையில் உருகி மலையாக வழிய வேண்டும். பிடித்திருந்தால் அப்பாவின் பெயரை அடித்துவிடுவான். மரவள்ளிக் கிழங்குக்கே நாங்கள் அல்லாடிக்கொண்டிருந்தபோது அவனுக்கு மலை கேட்டது.

எங்களோடு ஒரே வீட்டில் சித்தப்பாவும் சித்தியும் இருந்தார்கள். அடுப்பில் ரப்பர் விறகைத் தவிர வேறெதுவும் எரிக்கக் கூடாது என்று ஆயிற்று. சவுக்காரம் கிடைக்காத காலம், சாம்பல் போட்டுத்தான் சட்டி தேய்ப்பது. அந்தச் சாம்பலையும் அம்மா தொடவிடவில்லை. சித்தி தன் சேலையைக் கிழித்து அதைச் சலித்துக் கொடுத்தாள். அப்பா அதை ஊறவைத்து, களிமண் சேர்த்துக் கரைத்துப் பதம் பார்த்தார்.

எனக்கு ஏழு வயது. வெறும் அடுப்புச் சாம்பல் அப்பாவைக் காப்பாற்றுமா என்று எனக்குச் சந்தேகம். மாரியம்மன் கோயிலிலிருந்து இரண்டு கை திருநீறு அள்ளி வந்து, யாரும் பார்க்காதபோது கரைசலில் கொட்டிக் கலக்கிவிட்டேன்.

சூளை பிரித்தபோது கிண்ணத்தின் அடியில் பச்சை காடாகத் திரண்டிருந்தது. மேலே, மலையின் தலையில், பால் வெள்ளையாகப் பனி இறங்கியிருந்தது. அப்பா புரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது என் திருநீறு என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடம்பிடித்து அப்பாவோடு பங்களாவுக்கு நானும் போனேன். துரை கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி வெகுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தான். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, எங்கள் தமிழ் ஆள்தான், பட்டியலை எடுத்து அப்பாவின் பெயரை அடித்தார்.

“பொழச்சிக்கிட்ட, போ. ஆனா தலை கொறையக் கூடாதுலா. ஒன் வீட்ல வேற ஆம்பள யாரு?”

அப்பா தரையைப் பார்த்தார். கிராணி பேனாவோடு காத்திருந்தார். ஏதோ இனாம் தரப்போகிறார்கள், சித்தப்பாவின் பங்கு விட்டுப்போகக் கூடாதே என்று நினைத்து நானே சொன்னேன்.

“சித்தப்பா இருக்காரு.”

பெயரையும் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் லாரி வந்து சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு போனது. சித்தி பெரிய ரோடு வரைக்கும் லாரிக்குப் பின்னால் ஓடினாள். திரும்பி வந்து சுவரோரம் உட்கார்ந்தவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, திருநீறு போட்டது முதல் கிராணியிடம் பெயர் சொன்னது வரை எல்லாவற்றையும் பெருமையாக ஒப்பித்தேன். அவள் அறைந்த அறையில் காது இரண்டு நாள் இரைந்தது. அப்பாவிடம் ஓடி முறையிட்டேன். அவர் சித்தியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

சித்தப்பா திரும்பவே இல்லை. சித்தி மேல் எனக்கு வருஷக்கணக்கில் கோபம். பொறாமை பிடித்தவள் என்றே நினைத்தேன். கோபப்பட வேண்டிய ஆள் அவள் இல்லை என்று புரிய, எனக்கே ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது. கிராணி கேட்டது அப்பாவை, என்னை அல்ல. நான் பதில் சொன்னபோது என் கை அப்பாவின் கைக்குள்தான் இருந்தது. ஓர் அழுத்து அழுத்தியிருந்தால் நிறுத்தியிருப்பேன்.